தன் கடைக்குத் தானே தீ வைப்பவன்



கடையில் களவு போனால் போலீசில் எழுதி வைக்கலாம். அடுத்த கடைக்காரன் விலையைக் குறைத்து நம் வாடிக்கையைக் கெடுத்தால் நாமும் ஒரு காசு குறைத்துப் பார்க்கலாம். ஆனால் கடைக்காரனே நள்ளிரவில் வந்து தன் கடைக்குத் தீ வைத்தால் யாரிடம் போய் முறையிடுவது? (இன்ஷூரன்சுப் பணத்துக்காக வைப்பவனை விட்டு விடுவோம், அவனுக்குக் கணக்குத் தெரியும்.) வியாபாரத்தில் இத்தகைய மூடன் அபூர்வம். இல்லறத்திலும், நிக்காஹ் பேசி முடித்த நேசத்திலும் அவன் அபூர்வமானவன் அல்லன். நேசிக்கிறவன், தான் நேசிக்கும் உறவையே ஏன் கெடுத்துக் கொள்கிறான்? அவனைக் குற்றவாளி என்பதா, நோயாளி என்பதா? இந்தக் கேள்வியை இம்முறை எடுத்துக் கொள்ளலாம் என்று எண்ணினோம்.

ஒரு வாலிபரை மனத்தில் வைத்துக் கொள்வோம். ஈப்போவில் வாப்பாவின் கடையைக் கவனித்து வருகிறார். தைப்பிங்கில் பெண் பார்த்து நிச்சயமும் ஆயிற்று. பெண் ஆசிரியை, குணவதி, இவரை அவளுக்குப் பிடித்தும் இருக்கிறது. முதல் மாதம் சுகமாகக் கழிகிறது. இரண்டாம் மாதம், ‘இவள் நம்மைவிடப் படித்தவள், ஒருநாள் நம்மைச் சலித்து விடுவாள்’ என்று ஓர் எண்ணம் தட்டுகிறது. அன்றிலிருந்து சோதனை ஆரம்பமாகிறது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, நீலக் கோடு விழுந்த பின் எத்தனை நிமிஷத்தில் பதில் வருகிறது என்று கணக்குப் பார்க்கிறார். வேண்டுமென்றே இரண்டு நாள் பேசாமல் இருந்து, அவள் பதறுகிறாளா என்று பார்க்கிறார். பதறினால் ஒருநாள் நிம்மதி. பதறாவிட்டால், ‘பார்த்தாயா, நாம் நினைத்தது சரிதான்!’ ஆறாம் மாதம் பெண் வீட்டிலிருந்து மோதிரம் திரும்பி வந்து விடுகிறது. ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்கிறார் மாப்பிள்ளை. தெரிந்ததாவது! நடத்தி வைத்தவரே அவர்தானே.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வியாதி என்று பெரியவர்கள் சொல்லக் கூடும். நாம் ஒப்பமாட்டோம். நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ஈயமும் ரப்பரும் இருந்த இடமெல்லாம் பரவினார்கள். கம்பார், தாப்பா, பத்து காஜா, சுங்கை சிப்புட் என்று அவர்கள் கடை விரிக்காத ஊர் பேராக்கில் குறைவு. சபுராளி இங்கே, பெண்சாதி ஊரிலே. மூன்று வருஷத்துக்கு ஒரு பயணம், சிலருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் கடிதமே குடும்பம். 1953-ல் குடிநுழைவுக் கட்டுப்பாடு இறுகிற்று. 1968-ல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சட்டமும் வந்தது. சட்டம் பிரித்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அழைத்து வர முடிந்த காலத்தில் ‘கடை நிலைக்கட்டும், பார்ப்போம்’ என்று தள்ளிப் போட்டவர்களும் இருந்தார்கள். பிறகு ஊரிலிருந்து வந்த ஒரு மொட்டைக் கடிதத்தை நம்பி, மனைவியின் நாற்பது கடிதங்களை நம்பாமல், மாதாமாதம் அனுப்பும் பணத்தோடு ஒரு சுடுசொல்லையும் சேர்த்து அனுப்பியவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம். அவர்களிடம் வாட்ஸ்அப் இல்லை, ஆனால் வியாதி இருந்தது.

பெருமானார் (ஸல்) அவர்கள் பயணிகளுக்குச் சொன்ன ஒரு விஷயம் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக நமக்கு வந்திருக்கிறது. நெடுநாள் வெளியூரில் இருந்தவர் இரவில் திடுமென வீட்டுக்குள் நுழைய வேண்டாம் என்று தடுத்தார்கள். வீட்டிலிருப்பவள் தலைவாரித் தன்னைச் சீர்படுத்திக் கொள்ள அவகாசம் வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம்: அவள் துரோகம் செய்கிறாளோ என்று சந்தேகித்து, குறையைத் தேடிப் பிடிக்கும் நோக்கத்தோடு நுழையலாகாது. அது வியாபாரக் கூட்டங்களும் படைகளும் மாதக் கணக்கில் வெளியே இருந்த காலம். திடீர்ச் சோதனையால் உண்மை தெரிந்து விடும் என்று வாதாட இடமிருந்தும், அந்த வாசலை அடைத்து விட்டார்கள். ஏன்? சோதனையில் மனைவி வென்றாலும் வீடு தோற்று விடுகிறது. ‘என்னைப் பிடிக்க வந்தவர் இவர்’ என்று அவளுக்குத் தெரிந்த பின், அவர் கண்ட உண்மையால் யாருக்கு என்ன பயன்? சந்தேகங்களில் பலவற்றைத் தவிருங்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்னும் கருத்து ஹுஜுராத் அத்தியாயத்தில் அடுத்தடுத்து வருகிறது. சந்தேகம் முதலில், உளவு பிறகு. இந்த வரிசையையும் கவனிக்க வேண்டும்.

தோட்டங்களில் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால்மரம் சீவுகிறவருக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் மாதம் முழுக்கக் கடனாகக் கொடுத்தோம். சம்பள நாளில் வரவு வைத்தோம். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை, ஒரு சின்னப் பற்றுப் புத்தகம்தான். மழைக் காலத்தில் சீவ முடியாது, சம்பளம் குறையும், பாக்கி நிற்கும் என்பதும் தெரிந்ததே. ஆனாலும் கொடுத்தோம். கொடுக்காவிட்டால் வாடிக்கை என்ற ஒன்றே இருந்திராது. தினம் நாலு தடவை லயத்துக்குப் போய், ‘நீ ஓடிப் போய் விடமாட்டாயே?’ என்று கேட்டிருந்தால் அவர் மறுமாதமே வேறு கடை பார்த்திருப்பார். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனால் நம் முன்னோர் இந்தச் சீமையில் கால் ஊன்றியது அந்தக் கடன் புத்தகத்தின் மேல்தான். முன்பின் தெரியாத தொழிலாளியிடம் மாதக் கடனை நம்பி விட்ட மனிதர், தன் பிள்ளைகளின் தாயிடம் ஒரு பகல் பொழுதின் நம்பிக்கையை விடத் தயங்கியது விசித்திரம் அல்லவா?

‘ஒருமுறை பட்டவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா? முஃமின் ஒரே பொந்தில் இருமுறை கொட்டுப்பட மாட்டான் என்று ஹதீஸ் இருக்கிறதே?’ என்று ஒரு சகோதரர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஹதீஸில் உள்ளது ஒரே பொந்து. முதலில் ஏமாற்றியவள் வேறு, இப்போது எதிரே நிற்பவள் வேறு. ஈப்போவில் ஒருவன் கடனை ஏமாற்றினான் என்பதற்காகக் கம்பாரில் இருப்பவனைத் திருடன் என்பது ஜாக்கிரதை ஆகாது, அது அநியாயம். ஜாக்கிரதை என்றால் நிக்காஹுக்கு முன் விசாரிப்பது, மஹரைத் தெளிவாகப் பேசுவது, மனத்தில் உறுத்துவதை நேரில் கேட்டு விடுவது. கேட்கிறவனுக்குப் பதில் வேண்டும். சோதிக்கிறவனுக்கோ பதில் வந்தாலும் போதாது. அடுத்த வாரம் மறுபடி சோதிப்பான்.

மேல்நாட்டு மனநூலாரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்டின் டவுனி என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தம்மைத் துணைவர் ஒதுக்கி விடுவார் என்று ஓயாது எதிர்பார்த்திருப்பவர்களின் உறவு மற்றவர்களுடையதை விட அதிகமாக முறிகிறது என்று கண்டார்கள். பிணக்கைப் பேச உட்கார்ந்தபோது, அந்த அச்சம் மிகுந்த பெண்கள் காட்டிய கடுமையே துணைவரின் மனத்தையும் கசக்கச் செய்ததாம். பெண்கள் என்றதும் நம்மில் சிலர் புன்னகைக்க வேண்டாம். பெண் சண்டை பிடித்துச் செய்வதை ஆண் வாய் மூடிச் செய்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வாய்மூடலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஸ்பெயின் தேசத்துக் குர்துபாவில் பிறந்த மார்க்க மேதை இப்னு ஹஸ்ம், காதலைப் பற்றி முப்பது அத்தியாயங்களில் ஒரு நூல் எழுதினார். ‘புறாவின் கழுத்து வளையம்’ என்பது அதன் பெயர். ஃபிக்ஹு எழுதிய கை அதையும் எழுதிற்று என்பதைக் கேட்டு முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும். பேச்சை முறித்து ஒதுங்கியிருப்பதற்கே அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அதன் வகைகளைப் பிரித்துக் காட்டுகிறார். கொஞ்சலாக ஒதுங்குவது வேறு, சலித்து ஒதுங்குவது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் இரண்டும் கலந்து விடுகின்றன. விளையாட்டாக ஆரம்பித்த மௌனம் பத்து நாளில் வீம்பாகி, யார் முதலில் பேசுவது என்ற வழக்காகி விடுகிறது. சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாதிருக்க மார்க்கத்தில் அனுமதியில்லை. மனைவியை அணுகமாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்கும் நான்கு மாதம் என்று குர்ஆன் கெடு வைத்து விட்டது. மௌனத்துக்குக் கெடு வேண்டும் என்பது அதிலிருந்து விளங்குகிறது.

பத்து காஜாவுக்குப் போகும் வழியில் கெல்லி மாளிகை நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பரில் பணம் சேர்த்தவர். 1915-ல் அந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். சென்னைச் சீமையிலிருந்து ஆட்களை வரவழைத்துச் செங்கல் வைத்தார். மின்தூக்கிக்கு இடம் விட்டார். 1926-ல் லிஸ்பன் நகரில் நோயுற்று இறந்து போனார். மாளிகை முடியவில்லை. மனைவி ஆக்னஸ் அதை விற்றுவிட்டுத் தாய்நாடு போய்ச் சேர்ந்தார். மனைவிக்காகக் கட்டினார் என்று ஜனங்கள் பல கதை சொல்வார்கள்; அவர் மனத்துக்கு நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அங்கே போகும்போதெல்லாம் நம்மூர்த் தெருக்களின் பூட்டிய வீடுகள் நினைவுக்கு வருகின்றன. சபுராளிகள் மாடி மேல் மாடியாக, தேக்குக் கதவும் வண்ணக் கண்ணாடியும் வைத்துக் கட்டிய வீடுகள் அவை. ‘உன்னோடு இருக்கப் பயமாக இருக்கிறது’ என்று சொல்ல முடியாதவர் ‘உனக்காக வீடு கட்டுகிறேன்’ என்றார். பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டது வீடா?

இனி முதற் கேள்விக்கு வருவோம்: குற்றவாளியா, நோயாளியா? மனத்தில் எழும் ஊசலாட்டத்தை, அதைச் சொல்லாகவோ செயலாகவோ ஆக்காத வரையில், அல்லாஹ் பொறுத்து விடுகிறான் என்று நாயகம் (ஸல்) அறிவித்திருக்கிறார்கள். ஆகவே ‘விட்டு விடுவாளோ’ என்ற அச்சம் தோன்றுவதில் குற்றமில்லை. அந்த அச்சத்தைக் கையில் எடுத்து மற்றொரு ஜீவனை வதைக்கும்போதுதான் கணக்கு ஆரம்பமாகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வாப்பாவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து வளர்ந்த பிள்ளை, வந்தவர் போய் விடுவார் என்பதைப் பாலோடு குடித்திருக்கிறது. பெரியவனான பின் நேசம் வரும்போதெல்லாம், போகிறதைத் தானே முந்திக் கொண்டு போகச் செய்து விடுகிறான். காத்திருந்து இழப்பதைவிட அவனுக்கு அது லேசாகத் தெரிகிறது. இவனுக்கு இரக்கம் காட்ட வேண்டும். நாமும் அப்படி வளர்ந்தவர்களில் சேர்ந்தவர்களே. இரக்கம் கேட்க நமக்கும் ஆசைதான்.

ஆனால் கடன் சட்டத்தைப் பாருங்கள். தகப்பன் வைத்த கடனை அவர் விட்டுப் போன பொருளிலிருந்து தீர்க்க வேண்டும். அதற்கு மேல் மகனின் சொந்தக் கைமுதலைப் பிடிக்க மார்க்கச் சட்டத்தில் இடமில்லை. மகனையே பிடிக்க முடியாதபோது, மருமகளை எப்படிப் பிடிப்பது? வாப்பா வீட்டில் இல்லாத வருஷங்களின் பாக்கியை, அந்த வீட்டில் காலடி வைத்திராத ஒரு பெண்ணின் பேரில் பற்று எழுதிக் கொண்டிருக்கிறோம். அவள் எவ்வளவு கட்டினாலும் அது நேராகாது, ஏனென்றால் அது அவள் வாங்கிய கடனே அல்ல.

ஏற்கெனவே கசந்து போன இடங்களில், இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மத்தியஸ்தரை வைக்கச் சொல்லும் குர்ஆன் வழி இருக்கிறது. பேராக் ஷரீஅத் நீதிமன்றத்திலும் சமரசத்துக்கு இடமுண்டு. அங்கே போவதில் வெட்கமில்லை; போகாமல் கோபத்தில் தலாக் சொல்லி விட்டுப் பிறகு அலைகிறவர்களைத்தான் பார்க்கிறோம். அவ்வளவு தூரம் முற்றாதவர்களுக்குச் சின்னக் காரியம் ஒன்று போதும். சரக்கெடுக்கப் பினாங்கு போனாலும் சரி, ஊருக்குப் போய்த் திரும்பினாலும் சரி, வருகிற நாளையும் நேரத்தையும் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி விட்டு வாருங்கள். ஈப்போ நிலையத்தில் ரயில் நிற்கும்போது யாராவது வந்து காத்திருப்பார்கள்.