செதிலும் சாயலும்

வட அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியாக இருந்த இடத்தில், மெல்லிய ஏடுகளாகப் பிரியும் பாறைகள் உள்ளன. அங்குக் கிடைத்த மீன்களுள் சில, மற்றொரு மீனைப் பாதி விழுங்கிய நிலையிலேயே கல்லாகியிருக்கின்றன. அவை எதை உண்டு வாழ்ந்தன என்பதற்கு அதுவே சான்று. இத்தகைய சான்று கிட்டாதபோது அறிஞர் பற்களைப் பார்க்கின்றனர். கூரிய பல் இரையைப் பற்றும். கூழாங்கல் போன்ற பல் சிப்பியை நொறுக்கும். அதே பாறைகளில் கிடைக்கும் முதலையும் பனையோலையும் அக்காலத்தில் அங்கு நிலவிய வெப்பத்தை உணர்த்துகின்றன. இவ்வாறு பல சான்றுகளைப் பொறுமையாகச் சேர்த்தே ஓர் உயிரின் வாழ்வை நாம் அறிகிறோம்.

ஆனால் வகைப்படுத்துவதில் மனிதன் அவசரப்படுவதும் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் லூயி அகாசி, 1833 முதல் 1843 வரை வெளியிட்ட தம் பெருநூலில், மீன்களைச் செதிலின் அமைப்பைக் கொண்டு நான்கு பெரும் பிரிவுகளாக வகுத்தார். எலும்புகள் சிதைந்த இடத்திலும் செதில் எஞ்சி நிற்பதால் அது வசதியான அளவுகோலாயிற்று. எனினும் அப்பகுப்பு நிலைக்கவில்லை. சில தட்டைமீன்களில் ஒரே உடலின் ஒரு பக்கத்தில் ஒருவகைச் செதிலும், மறுபக்கத்தில் வேறுவகைச் செதிலும் உண்டு! பின்வந்தோர் எலும்புக்கூட்டையும் உறவுமுறையையும் ஆராய்ந்து அதனைத் திருத்தினர். அதனால் எந்த மீனுக்கும் தீங்கு நேரவில்லை.

அதே அகாசி 1846இல் அமெரிக்கா சென்றார். மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்று வாதிட்டார். 1850இல் தென் கரோலினாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரை ஆடை களையச் செய்து, தம் கொள்கைக்குச் சான்றாக நிழற்படம் எடுப்பித்தார். அவர்களுள் ரென்டி என்னும் தந்தையும் டீலியா என்னும் மகளும் இருந்தனர்.

அகாசி இறைநம்பிக்கையற்றவர் அல்லர். உயிரினங்கள் படைத்தவரின் எண்ணங்கள் என்றே எழுதியவர். அப்படியிருந்தும், தம் முன் நின்ற மனிதரில் இறைச்சாயலைக் காணாமல் தோலை மட்டுமே கண்டார். கல்லாகிப்போன மீன் வாய் திறவாது. அதைப் பற்றி நாம் ஊகிக்கத்தான் வேண்டும். ரென்டியோ பேசக்கூடியவர். அவரைப் பேசவிட்டிருந்தால், மகளைக் கண்முன் இழிவுபடுத்தக் கண்ட ஒரு தந்தையின் துயரம் எல்லா இனத்தாருக்கும் ஒன்றே என்பது விளங்கியிருக்கும்.

பொருள்களை வகைப்படுத்தாமல் அறிவு வளராது; அது குற்றமன்று. பதில் சொல்லக்கூடியவரை வாய் பேசாப் பொருளாக்குவதே குற்றம். ஒருவரைக் கண்டதும் அவருடைய ஊரையும் தெருவையும் துருவி, பிறப்பை அறிந்துகொண்டு, அதற்கேற்ப இருக்கையும் மரியாதையும் அளிக்கும் நாம், அகாசியைப் பழிக்கத் தகுதியுடையோமா? ஒரே திருப்பந்தியில் அமர்ந்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் மட்டும் வேலி தேடுவோர் நம்மிடையே இல்லையா?

மண்ணுக்குள் சென்ற மீனின் வாழ்வை அறிய அறிஞர் ஆண்டுக்கணக்கில் பொறுமை காட்டுகின்றனர். அடுத்த வீட்டில் உயிரோடிருக்கும் மனிதரை அறிய நாம் ஒரு நாழிகையேனும் செலவிடக் கடமைப்பட்டிருக்கிறோம்.