சிலர் செய்தால் போதுமா?

மையித்துக்குச் செய்ய வேண்டிய கடமைகள் நான்கு. குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவிப்பது, அடக்குவது. இவை பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கிவிடும். ஒருவருமே செய்யாவிட்டால் அறிந்தும் வாளாவிருந்த அனைவரும் பாவிகள். இதை வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள், நான் சரி போடுவேன். இந்தப் பாடத்தின் பிற்பாதி என்னைத் தேடி வரும் என்று அப்போது எண்ணவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் விடுமுறை நாட்களில் கிராண்ட்பாஸில் சாச்சாவின் வீட்டில் தங்குவேன். அந்த ஒழுங்கையில் யார் மௌத்தானாலும் முதலில் சாச்சாவைத்தான் தேடி வருவார்கள். கபன் துணி வாங்க ஒருவரை அனுப்புவார். பள்ளியிலிருந்து சந்தூக்கு எடுத்துவர இன்னொருவர் போவார். மாளிகாவத்தை மையவாடிக்கு ஆள் போகும். மரணப் பதிவுக்கு அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு குளிப்பாட்ட உள்ளே போவார். வெளியில் நின்று தண்ணீர் வாளியை எடுத்துக் கொடுப்பதோடு என் பங்கு முடிந்துவிடும்.

வீட்டாரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடன் ஏதும் இருக்கா?" என்பதுதான். அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதன் பின்னர் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத்து, கடைசியில்தான் வாரிசுரிமை. இந்த வரிசையை நான் கிதாபில் படிப்பதற்கு முன்பே சாச்சாவிடம் கேட்டறிந்திருந்தேன்.

2020 நவம்பரில் சாச்சா வைத்தியசாலையில் காலமானார். கொரோனா என்றார்கள். தொற்றால் இறந்தோரை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி அறிவித்தல் அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் திகதியே வெளிவந்திருந்தது. புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இங்கே அது எடுபடவில்லை. கிராண்ட்பாஸ் முடக்கப்பட்டிருந்தது, நான் ஊரில் அடைபட்டிருந்தேன். சாச்சாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"நானா, கையெழுத்து வெச்சா நானே வாப்பாவ எரிக்கச் சொன்ன மாதிரி. வெக்காட்டி ஆளில்லாத மையித்து என்டு எழுதுவாங்க. நான் என்ன செய்யிற?"

நிர்ப்பந்தம் என்று வந்தால் கடமை தளரும், மௌத்தானவர் மீது குற்றமில்லை என்று உலமாக்கள் சொன்னதையே நானும் சொன்னேன். சொன்னது சரிதான். ஆனால் அவன் கேட்டது அதுவல்ல. வாப்பாவின் நிலையைப் பற்றி அவனுக்குச் சந்தேகமில்லை. தன் கை செய்யப் போவதைப் பற்றியே கேட்டான். மார்க்கத் தீர்ப்பொன்றைக் கொடுத்துவிட்டு நான் தொலைபேசியை வைத்தேன்.

அவன் கையொப்பமிடவில்லை. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் கட்டாயத் தகனத்துக்கு எதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம், உறவினர் பொறுப்பேற்காத உடல்களையும் எரிக்கலாம் என்று சட்ட மா அதிபர் தெரிவித்தார். நூற்றுக்கணக்கானோருக்குக் கபனிட்ட சாச்சா கபனின்றிப் போனார். வீட்டு முற்றத்தில் நின்று நான் காயிப் ஜனாஸா தொழுதேன். அந்த நான்கில் என்னால் இயன்றது அது ஒன்றுதான்.

வாப்பாவைக் கைவிட்டேனா என்று அவன் இன்றும் கேட்கிறான். கையொப்பமிட்டவர்களும் தங்களிடம் இப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். இரு சாராரிடமும் பிழையில்லை என்பதே என் எண்ணம். இரண்டு பக்கமும் குற்ற உணர்வு காத்திருக்கும்படியான தெரிவொன்றை ஒரு மகனின் முன் வைத்ததுதான் அநீதி. மையித்து எதையும் கேட்காது, நன்றியும் சொல்லாது. அதனால்தான் அதன் உரிமை முழுவதும் உயிரோடிருப்பவர்களின் பொறுப்பாகிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற விடாமல் தடுத்தவர்கள் இறந்தவரை மட்டுமல்ல, இருப்பவரையும் காயப்படுத்தினார்கள்.

அந்த டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு பச்சைக் குழந்தை எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டியவர்களில் பிற மதத்தவரும் இருந்தார்கள். அடக்கத்துக்கு 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அனுமதி கிடைத்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடங்கின. பின்னர் பிற மதத்தவர் சிலரும் அந்த மண்ணிலேயே அடக்கப்பட்டார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று கணக்கும் வந்தது. மன்னிப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மனிதனுக்கு மனிதன் இழைத்ததை மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்கே உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். சாச்சாவின் சார்பில் அதைக் கொடுக்க நான் யார்?

எஞ்சியிருந்தது அவர் கேட்கும் முதல் கேள்விதான். அவருடைய கொப்பியில் இரண்டு கடைகளின் கடன் எழுதப்பட்டிருந்தது. மகன் அதைக் கொடுத்து முடித்தான். வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் நான் அவருக்குத் தர வேண்டியது ஒன்று இருந்தது.

அரசைக் குற்றஞ்சாட்டுவது நியாயம். ஆயினும் 'சிலர் செய்தால் போதும்' என்ற சலுகையில் வாழ்நாள் முழுவதும் ஒதுங்கி நின்றவன் நான். அந்தச் 'சிலர்' யாரென்று ஒருநாளும் யோசித்ததில்லை. சாச்சா போன பிறகே யோசித்தேன். சென்ற ஆண்டு எங்கள் ஊரில் ஒரு முதியவர் மௌத்தானபோது, வாளியை வெளியில் நின்ற மாணவனிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனேன். கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற பெரியவர், "மெதுவா ஊத்துங்க சேர், அவருக்கு நோகாம" என்றார்.