அந்த ஒரு மீன்



நம் நாட்டில் பக்திக்குக் குறைச்சல் இல்லை. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் கால் வைக்க இடம் இருக்காது. பால்குடம் எடுக்க வாரக்கணக்கில் விரதம் இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்னால் பிள்ளையார் சன்னிதியில் பேனாவை வைத்து அர்ச்சனை செய்ய வரிசை நிற்கும். தேர்வு முடிவு வந்த பிறகு அந்த வரிசை எங்கே போச்சுன்னு குருக்களைத்தான் கேட்கணும்!

யாரையும் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. சாமியிடம் போய்க் கேட்பது தப்பே இல்லை. பிள்ளை அம்மா அப்பாகிட்ட கேட்காம வேற யார்கிட்ட கேட்கும்? ஆனால் காசு வேணும்போது மட்டும் வீட்டுக்குப் போன் பண்ணுகிற மகனை நினைத்துப் பாருங்கள். அம்மா காசு அனுப்பத்தான் செய்வார். ஆனால் போன் அடிக்கும்போதே, "இந்த மாசம் எவ்வளவு வேணுமாம்?" என்ற கேள்வி அவர் மனசுக்குள் வந்துவிடும். கேட்க மட்டுமே போகிற உறவு அப்படித்தான் ஆகிவிடுகிறது. இதில் இழப்பு மகனுக்குத்தான். அம்மாவின் குரலைக் கேட்கிற சந்தோஷம் அவனுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

சில மாதங்களுக்கு முன் திருமுறை வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பியபோது ஒரு தம்பி மட்டும் நின்றார். அவருடைய அப்பா வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இவர் பகலில் கல்லூரிக்குப் போகிறார், இரவில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறார். "அண்ணே, நன்றியோட இரு, நன்றியோட இருன்னு எல்லாரும் சொல்றீங்க. நான் எதுக்கு நன்றி சொல்லணும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எல்லாம் நன்மைக்கே" என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கலாம். வயிறு நிறைந்தவன் பசித்தவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அதனால் அவரோடு உட்கார்ந்து அதிபத்த நாயனார் கதையைப் பேசினேன்.

அறுபத்துமூன்று நாயன்மார்களில் அதிபத்தர் மீனவர். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றைப் பாடியிருக்கிறார். ஊர் நாகப்பட்டினம், அங்கே நுளைப்பாடி என்னும் மீனவர் குடியிருப்பு. நாகப்பட்டினம் நமக்கு அந்நியமான பெயர் இல்லை. உங்கள் கொள்ளுத்தாத்தா, பாட்டிமார் பலர் ரஜுலா போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்குக்கு வந்தது அந்தத் துறைமுகத்திலிருந்துதான். அவர்கள் கடைசியாகத் திரும்பிப் பார்த்த கரை, அதிபத்தர் வலை இழுத்த கரை.

தினமும் வலையில் விழுகிற மீன்களில் ஒன்றை, "இது சிவபெருமானுக்கு" என்று சொல்லிக் கடலிலேயே விட்டுவிடுவார். அவருடைய வழிபாடு அவ்வளவுதான். கோயில் கட்டவில்லை, பதிகம் பாடவில்லை. எந்தத் தொழிலில் வயிறு நிறைந்ததோ, அந்தத் தொழிலுக்கு நடுவிலேயே கும்பிட்டார்.

பிறகு ஒரு காலம் வந்தது. கடலில் மீன் கிடைக்கவில்லை. நாள் முழுக்க வலை வீசினால் ஒரே ஒரு மீன் வரும். அந்த ஒன்றையும் இறைவனுக்கு என்று விட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தொடர்ந்து பல நாள். வீட்டில் இருந்த செல்வம் கரைந்தது, சுற்றத்தார் பசியில் வாடினார்கள், அவர் உடம்பும் மெலிந்தது. கடைசியில் ஒரு நாள் பொன்னும் மணியுமாக மின்னும் மீன் ஒன்று வலையில் வந்தது. அன்றைக்கு அகப்பட்டதும் அது ஒன்றுதான். அதையும், "இது என் பெருமானுக்கு" என்று அலையில் விட்டார். விடையின்மேல் இறைவன் காட்சி கொடுத்தார்.

நாம் பொதுவாக இந்தத் தங்க மீனில்தான் போய் நின்றுவிடுகிறோம். "பார்த்தியா, கொடுத்தார், கிடைச்சுது" என்கிறோம். எனக்கு அந்தப் பார்வையில் உடன்பாடு இல்லை. அப்படிப் பார்த்தால் அதிபத்தர் பக்தர் இல்லை, சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவர்! தங்க மீன் வரும் என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வந்தபோதும் அதை அவர் வைத்துக்கொள்ளவில்லையே.

நான் பார்க்கச் சொல்வது கதையில் ஒரு வரியில் தாண்டிப் போகிற நல்ல நாட்களை. வலை நிறைய மீன் விழுந்த நாளிலும் அவர் விட்டது ஒன்றுதான். நூறு மீனில் ஒன்றை விடுவது பெரிய காரியமா? கரையில் நின்றவர்கள் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அந்தச் சுலபமான நாட்களில் பழகிய கைதான் பஞ்ச காலத்திலும் தானாக நீண்டது. கஷ்டம் வந்த பிறகு நன்றி பழக ஆரம்பிப்பது, வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்வது மாதிரி. முடியாது என்று சொல்லவில்லை. ரொம்ப சிரமம்.

தம்பி விடவில்லை. "வீட்ல எல்லாரும் பசியா இருக்கும்போது அந்த ஒரு மீனையும் கடல்ல விடறது சரியாண்ணே?" என்றார். நியாயமான கேள்வி. கண்ணப்பரைப் படித்துவிட்டு நாம் கண்ணைத் தோண்டுவதில்லை. நாயன்மார் வரலாறுகள் அன்பு எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுகிறவை. அப்படியே செய்து பார்க்கச் சொல்லும் செய்முறை இல்லை. அவருடைய டெலிவரிக் காசு அந்த வீட்டின் அரிசி. அதைக் கொண்டுபோய் உண்டியலில் போடு என்று நான் சொல்ல மாட்டேன், சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.

அவருடைய முதல் கேள்விக்கு வருவோம். எதுக்கு நன்றி சொல்லணும்? திருக்குறளில் 11ஆம் அதிகாரத்தின் பெயரைக் கவனியுங்கள்: செய்ந்நன்றி அறிதல். 'நன்றி' என்றால் நன்மை. நமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிதல் என்பதுதான் தலைப்பின் பொருள். வள்ளுவர் சொல்லுதல் என்று வைக்கவில்லை, அறிதல் என்று வைத்தார். அப்பாவின் வேலை போனதற்கு நன்றி சொல்லத் தேவையில்லை. அது துன்பம்தான், துன்பம் என்றே சொல்லலாம், சாமி முன்னால் நின்று அழவும் செய்யலாம். ஆனால் அந்தத் துன்பத்துக்கு நடுவிலும் யார் யார் நமக்கு என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"மோட்டார் யாரோடது?" என்று கேட்டேன். மாமாவோடதாம். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பது யார்? அம்மா. அவர் வேலைக்குப் போகிற நேரத்தில் தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது? பக்கத்து வீட்டு மக்சிக். சொல்லிக்கொண்டே வந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அறிதல் அங்கே தொடங்கிவிட்டது. இறைவன் தங்க மீனாக வருவதைவிட, கதவைத் திறக்கிற கையாக வருவதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

"பூசைக்கு நேரம் இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோகூர் பாருவிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நிஜமாகவே நேரம் இல்லை. தெரியும். திருமூலர் இதற்கு அன்றைக்கே வழி சொல்லிவிட்டார். இறைவனுக்கு ஓர் இலை போதும், பசுவுக்கு ஒரு வாய்த் தீனி, நாம் சாப்பிடும்போது பிறருக்குக் கொஞ்சம் சோறு, பேசும்போது இனிய சொல். யாராலும் முடிந்தவை என்றுதான் இவற்றைச் சொல்கிறார். என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஒரு சிட்டிகை திருநீறு பூசி ஐந்தெழுத்தை ஒரு முறை சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. மாமாக் கடையில் தே தாரிக்கைக் கொண்டுவந்து வைக்கிற வங்காளதேசத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து ஒரு 'தெரிமா காசே' சொல்லலாம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறோமே, அது கணக்கில் சேராது.

வாட்ஸ்அப்பில் காலையில் சாமி படம் அனுப்புவதைப் பற்றியும் கேட்கிறார்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் சாப்பிட்ட தட்டைக் கழுவி வையுங்கள்.

அதிபத்தரின் குருபூசை ஆவணி மாத ஆயிலிய நட்சத்திரத்தில் வருகிறது. அன்று நாகப்பட்டினத்துக் கடலில் தங்க மீன் விடும் விழா நடக்கும். நாமும் அன்றைக்கு மாலை வகுப்பில் அவர் வரலாற்றைச் சேர்ந்து படிக்கப் போகிறோம். வேலை முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வர நேரமாகும் என்று தயங்க வேண்டாம். டெலிவரிச் சட்டையோடு வாங்க, தொழிற்சாலைச் சீருடையோடு வாங்க. அவரும் வலையும் கையுமாகத்தான் சாமி கும்பிட்டார்.

திருச்சிற்றம்பலம்.