சரணாகதியும் அதைப் பெற்றுக்கொள்ளும் கையும்

மதத்தின் பெயரால் எங்கேனும் ஒரு கொடுமை நிகழ்ந்ததாகச் செய்தி வருமாயின், அதைப் படிக்கும் நம்மவர் முதலிற் செய்யும் காரியம், அஃது எந்த மதத்தாருடைய கொடுமை என்று பார்ப்பதேயாகும். இந்து மடமொன்றின் ஊழல் வெளிப்பட்டால் கிறிஸ்தவ நண்பர் தலையை அசைத்து, "விக்கிரக வணக்கத்தின் பலன் இதுதான்" என்பார். கிறிஸ்தவ சபையொன்றில் அக்கிரமம் நடந்ததென்றால் இந்து அன்பர், "பிறந்த மதத்தை விட்டுப் போனவர்களுக்கு இது வேண்டும்" என்பார். ஒரே தோட்டத்து லயத்தில், சுவருக்கு இப்புறம் முருகன் படமும் அப்புறம் மாதா படமும் வைத்து விளக்கேற்றும் குடும்பங்களிடையேயும் இப்பேச்சு உண்டு. அடுத்த வீட்டைக் காட்டிப் பேசுவதில் ஒரு வசதியிருக்கிறது. தன் வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

உண்மையில் இரு மதங்களும் பக்தனை நோக்கி, "உன்னை ஒப்புக்கொடு" என்றே சொல்லுகின்றன. வைணவன் அதைச் சரணாகதி என்பான். கிறிஸ்தவன் கீழ்ப்படிதல் என்பான். அக்கொள்கை சரியா, தவறா என்று வழக்காட நாம் ஈண்டு முன்வரவில்லை. ஆனால், கடவுளுக்கென்று கொடுக்கப்படும் உடலையும் பொருளையும் கடவுள் நேரில் வந்து வாங்கிக்கொண்டதாக யாரும் கண்டதில்லை. நடுவில் ஒரு மனிதனுடைய கை நீளுகிறது. அந்தக் கை எவருடையது, அஃது எவருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதனை விளக்க, நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் இடைவெளியுள்ள இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது பம்பாயில் நிகழ்ந்தது. வல்லபாசாரியர் (1479–1531) தோற்றுவித்த புஷ்டி மார்க்கம், இல்லறத்தானும் வணிகனும் துறவு பூணாமலே கண்ணனை அன்பினால் அடையலாம் என்று போதித்தது. அம்மார்க்கம் வளர்த்த இசையும் ஓவியமும் இன்றும் போற்றத்தக்கவை. ஆயினும், அவருடைய வழித்தோன்றல்களே பரம்பரை பரம்பரையாகக் குருமார் ஆயினர். கல்வியோ ஒழுக்கமோ வேண்டியதில்லை. அக்குடும்பத்திற் பிறந்தாற் போதும், 'மகாராஜ்' ஆகிவிடலாம். தீட்சை பெறும் பக்தன் தன் உடல், உள்ளம், பொருள் மூன்றையும் கண்ணனுக்கு அர்ப்பணம் செய்வான். மகாராஜோ கண்ணனின் வடிவமாகவே கருதப்பட்டார். ஆகவே, கண்ணனுக்கு என்று சொன்னது மகாராஜுக்கு என்று முடிந்தது. குஜராத்தி வணிகர் தம் சரக்கின்மேல் ஒரு வீதத்தை அவருக்கென்று எடுத்து வைத்தனர். அவர் மென்ற தாம்பூலத்தைப் பிரசாதமாக உண்டனர். பக்தர் வீட்டுப் பெண்டிரும் 'அர்ப்பணம்' என்ற சொல்லுக்குள் அடங்கியவரே என்று சில மகாராஜ்கள் நடந்துகொண்டனர்.

இவ்விஷயம் பம்பாயில் யாருக்கும் தெரியாததன்று. தெரிந்தும் பேசாதிருந்தனர். பேசியவர் கர்ஸன்தாஸ் மூல்ஜி என்னும் இளைஞர். அவர் அந்த வைணவக் குடும்பங்களிலொன்றிலேயே பிறந்தவர். விதவா விவாகத்தைக் குறித்து ஒரு கட்டுரை எழுதியதற்காகவே, தம்மை வளர்த்த அத்தையின் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1855-ம் ஆண்டில் 'ஸத்யப்ரகாஷ்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கி, 1860-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி இதழில், பழைய இந்து தர்மத்துக்கும் இக்குருமாரின் நடத்தைக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்று எழுதினார். யதுநாத்ஜி என்னும் மகாராஜ், 50,000 ரூபாய் நஷ்டஈடு கேட்டு அவர்மீதும் பத்திரிகையை அச்சிட்ட பார்சி அன்பர்மீதும் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார்.

வழக்கைவிட அதைச் சுற்றி நடந்தவை நமக்கு மிகுந்த படிப்பினை தருவன. வழக்குக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, மகாராஜ்களை நியாயஸ்தலத்துக்கு அழைக்கும் பேச்சு எழுந்தபோது, அவர்கள் கோவிற் கதவுகளை அடைத்துவிட்டார்கள். தரிசனம் செய்யாமல் உணவு கொள்வதில்லை என்று விரதம் பூண்ட பக்தர் பட்டினி கிடந்தனர். கடைசியில், குருமார் கேட்ட பத்திரத்திற் கையெழுத்திட்ட பின்னரே கதவு திறந்தது. அதற்குக் கர்ஸன்தாஸ் 'அடிமைப் பத்திரம்' என்று பெயரிட்டார். வழக்கு வந்தபோது பாட்டியா ஜாதித் தலைவர்கள் கூடி, மகாராஜுக்கு விரோதமாகச் சாட்சி சொல்லுகிறவன் ஜாதியை விட்டு விலக்கப்படுவான் என்று கட்டுப்பாடு செய்தனர். அவர்கள்மீது சதி வழக்குப் போட்டு அபராதம் விதிக்கச் செய்த பின்புதான் சாட்சிகளுக்கு வாய் திறந்தது. மகாராஜ்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பாவு தாஜி முதலியோர் அவர்களுக்கிருந்த மேகநோயைப் பற்றிச் சாட்சியம் கூறினர். 1862-ம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பு கர்ஸன்தாஸுக்குச் சாதகமாக வந்தது. ஒழுக்கத்துக்கு மாறான ஒன்றை மதம் நியாயமாக்கிவிட முடியாது என்ற கருத்தை நியாயாதிபதி ஆர்னோல்ட் அத்தீர்ப்பில் வெளியிட்டார்.

இனி இரண்டாவது நிகழ்ச்சி. ஜிம் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பாதிரியார், 1950-ம் ஆண்டுகளில் இண்டியானா மாகாணத்தில் ஒரு சபையைத் தொடங்கினார். அது பின்னர் 'மக்கள் ஆலயம்' என்ற பெயர் பெற்றது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஆலயத்தில் உட்காருவது அரிதாயிருந்த அக்காலத்தில், அவர் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். தாம் வெள்ளையராயிருந்தும் ஒரு கறுப்புக் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார். ஏழைகளுக்கு உணவளித்தார், முதியோரைப் பராமரித்தார். நிறபேதத்தால் நசுங்கிய மக்கள் அவரை நாடியதில் என்ன வியப்பு? அவர்கள் மூடர்களாயிருந்து ஏமாந்தார்கள் என்று எழுதுவோர் உளர். அது நியாயமான பேச்சன்று. வேறெவரும் கொடாத மரியாதையை ஒருவர் கொடுத்தார், அவர்கள் பெற்றுக்கொண்டார்கள்.

அம்மரியாதைக்கு விலை பின்னாற் கேட்கப்பட்டது. சபையார் தம் வீட்டையும் சம்பளத்தையும் முதுமைக்கால உதவிப் பணத்தையும் சபைக்கு ஒப்படைத்தனர். செய்யாத குற்றங்களைச் செய்ததாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தனர். கூட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்டுக் கண்டிக்கப்பட்டனர்; அடியும் பட்டனர். கலிபோர்னியாவில் 1977-ம் ஆண்டு ஒரு பத்திரிகை இவற்றை வெளியிட்டதும், ஜோன்ஸ் தம் கூட்டத்தாரைத் தென் அமெரிக்காவிலுள்ள கயானாவின் காட்டுக்கு அழைத்துச் சென்றார். கயானா நம்மவருக்குச் சம்பந்தமில்லாத நாடன்று. 1838 முதல் 1917 வரை இந்தியக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட நாடு அது. சென்னையிலிருந்தும் அங்கே கப்பல்கள் போயின. அக்காட்டுக் குடியிருப்பில் பிரயாணச் சீட்டுகள் பறித்து வைக்கப்பட்டன. ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல் ஓயாது ஒலித்தது. 1978-ம் ஆண்டு நவம்பரில் லியோ ரயன் என்னும் அமெரிக்கச் சட்டசபை அங்கத்தினர் விசாரிக்கச் சென்றார். அவரோடு சிலர் வெளியேறத் துணிந்தனர். 18-ந் தேதி, விமானத் திடலில் ரயனும் மற்றும் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று மாலையே குடியிருப்பில் விஷங்கலந்த பானம் வழங்கப்பட்டது. அங்கு மாண்டவர் 909 பேர். அவர்களில் 304 பேர் வயது வராதவர்கள்.

இவ்விரண்டையும் ஒப்பிடும்போது ஒரு வேற்றுமை கண்ணிற்படுகிறது. ஜோன்ஸுக்கு ஏன் காடு தேவையாயிற்று? அமெரிக்க நகரத்தில் ஒருவன் ஒரு சபையை வெறுத்தால் தெருவைக் கடந்து அடுத்த சபைக்குப் போய்விடலாம். போக முடியாமற் செய்வதற்குக் கடலும் காடும் காவலும் வேண்டியிருந்தன. தென் அமெரிக்காவிலேயே சிலி தேசத்தில் பால் ஷேபர் என்னும் ஜெர்மானியப் போதகர் 1961-ல் நிறுவிய குடியிருப்பும் அத்தகையதே. முள்வேலியும், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளுமே அதற்கு அரணாயின. பம்பாய் மகாராஜுக்கோ காடும் வேலியும் வேண்டியதில்லை. நடுப்பட்டணத்தில், ஆயிரம் கடைகளுக்கிடையில், அவருடைய அடியார் எங்கும் ஓட முடியாதிருந்தனர். ஜாதி என்னும் மதில் அவர்களைச் சூழ்ந்திருந்தது. விலக்கப்பட்டவனுக்குப் பெண் கொடுப்பாரில்லை, பிணந்தூக்க வருவாரில்லை, வியாபாரத்தில் கடன் கொடுப்பாரில்லை. காட்டுக் குடியிருப்பு ஓராண்டு, ஈராண்டில் வெடித்து உலகத்தின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஜாதி மதிலோ நூற்றாண்டுக் கணக்கில் ஓசையின்றி நிற்கிறது. எது கொடிது என்று என்னைக் கேட்டால், ஒரு நாளில் நிகழ்ந்த பேரழிவைக் காட்டிலும், கேட்பாரற்று நீடித்த அந்த மௌனமே எனக்கு மிகுந்த அச்சந்தருகிறது. மாண்டாரின் உறவினர் இதை ஒப்பமாட்டார்கள்; ஒப்பவேண்டுமென்றும் நான் கேட்கமாட்டேன்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். "அவர்கள் தாமே விரும்பித் தம்மை ஒப்புக்கொடுத்தார்கள், வயது வந்த ஒருவன் தன் சுதந்திரத்தை எவர் காலடியில் வைத்தால் உமக்கென்ன?" என்பர். இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. பக்தி சுதந்திரமும் ஒரு சுதந்திரமே. ஆனால் ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859-ம் ஆண்டு வெளியிட்ட 'சுதந்திரம்' பற்றிய தம் நூலில், ஒருவன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்வதைச் சுதந்திரத்தின் பெயரால் அனுமதிக்க முடியாது என்று வாதித்தார். ஏனெனில், அவ்வொரு செயலுக்குப் பின் அவன் விரும்புவதற்கோ மறுப்பதற்கோ உரிமையே இல்லாமற் போகிறது. இது நமக்கு ஏட்டுச் சுரைக்காயன்று. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் ஒப்பந்தச் சீட்டிற் கைந்நாட்டு வைத்து வந்தவர்கள். அவர்கள் விரும்பித்தான் வந்தார்கள் என்று அம்முறையை ஆதரித்தோர் சொன்னார்கள். வந்த பின், காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. 1910-ம் ஆண்டில் மலாயாவுக்கு அம்முறை நிறுத்தப்பட்டபோது, அவர்களுடைய விருப்பத்தை நாம் கெடுத்துவிட்டோம் என்று எந்தக் கூலியும் அழவில்லை. திரும்பப் பெற முடியாத சம்மதத்தைச் சம்மதமென்று எங்ஙனம் அழைப்பது? மேலும், அந்த 304 பிள்ளைகளிடம் யார் சம்மதங் கேட்டார்கள்?

மதமே இல்லாதிருந்தால் இவையெல்லாம் இரா என்று நம் சீர்திருத்த அன்பர் சிலர் எண்ணுவர். அவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி உண்டு. ஜோன்ஸ் பிற்காலத்தில் வேதப்புத்தகத்தைத் தூக்கி எறிந்து, தம்மைச் சமதர்மவாதி என்று கூறிக்கொண்டார். எல்லா மதங்களையும் எள்ளி நகையாடிய ரஜனீஷ், 1981-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்திற் சீடர் நகரமொன்றை அமைத்தார். சீடர்கள் கூலியின்றிப் பாடுபட்டனர். அவருக்கோ 90-க்கு மேற்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் கார்கள். 1984-ல் அந்நகரத் தலைவர்கள், உள்ளூர்த் தேர்தலில் மற்றவர் வாக்களிக்க வராதபடி, அண்டை ஊரின் உணவு விடுதிகளில் நோய்க்கிருமிகளைக் கலந்தனர். 751 பேர் நோயுற்றனர். சடங்குகளை ஒழித்த இடத்திலும் அந்தக் கை நீண்டிருந்தது. சமத்துவம் பேசுகிற வாய்க்குச் சொந்தக்காரன் என்பதனால் ஒருவனுடைய கணக்கைப் பாராமல் விடலாகாது. நம் சங்கங்களிலும் தலைவரை வணங்கும் வழக்கம் இல்லாமலில்லை. அவரைக் கேள்வி கேட்டவனைத் துரோகி என்று பத்திரிகையில் எழுதுவதும் உண்டு.

பிறகு கர்ஸன்தாஸ் இங்கிலாந்து சென்று திரும்பியதற்காக ஜாதியினின்றும் விலக்கப்பட்டார். 1871-ம் ஆண்டில், நாற்பது வயது நிரம்புமுன் இறந்தார். அவருடைய வழக்கைப் பற்றிய ஒரு படம் 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவரவிருந்தபோது, தம் மனம் புண்படும் என்று அம்மார்க்கத்தார் சிலர் முறையிட, குஜராத் ஹைகோர்ட்டு சில நாள் அதற்குத் தடை விதித்தது. பின்னர் படத்தைப் பார்த்து, குற்றமில்லை என்று தடையை நீக்கிற்று. 162 ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்கேள்வியைக் கேட்பதற்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

கயானாவிலும் ஒரு கேள்வி கேட்கப்பட்டதென்பதைப் பலர் அறியார். அந்தக் கடைசி மாலையின் பேச்சு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஒலிநாடாவிற் பதிவாகியிருக்கிறது. ஜோன்ஸ் எல்லாரும் சாகவேண்டுமென்று கூறியபோது, வயது முதிர்ந்த ஒரு கறுப்புப் பெண்மணி எழுந்து நின்றாள். வேறு நாட்டுக்குப் போக வழியில்லையா என்று கேட்டாள். பிள்ளைகளாவது வாழத் தகுதியுடையவர் அல்லரோ என்றாள். அஞ்சாமல், மரியாதை தவறாமல், திரும்பத் திரும்ப வாதித்தாள். ஜோன்ஸ் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டுதானிருந்தார். அவளை அடக்கியவர்கள் சுற்றியிருந்த சபையார். இவர் இல்லாவிட்டால் நீ இன்று இங்கே நின்றிருக்க மாட்டாயே என்று ஒருவர் கேட்டார். மற்றவர் கூச்சலிட்டனர். அவள் உட்கார்ந்துவிட்டாள். மாண்டவர் பட்டியலில் அவள் பெயரும் இருக்கிறது.