தொழில் விருப்பும் தலைமுறைக் கடனும்

தந்தை உழுத நிலத்தை விட்டுப் பிள்ளை வேறு தொழிலை நாடுவது நன்றி மறத்தலாகுமா? வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. முதியோர் இளைஞரைக் குறைகூறுகின்றனர். இளைஞரோ தம் வாழ்வு தம்முடையது என்கின்றனர். இவ்விரு கூற்றுக்களுள் எது அறத்தின்பாற்பட்டது என்பது ஆராய்தற்குரியது.

முதியோர் கூற்றை முதலில் நோக்குவோம். பழைய குளக்கரை ஊர்கள் நீங்கலாக, கிளிநொச்சிப் பகுதியின் குடியிருப்புக்கள் பல அத்துணைத் தொன்மையானவையல்ல. 1930களில் இரணைமடுக் குளத்தின்கீழ்க் காடழித்துக் குடியேறியோருட் பலர், நிலம் போதாமையால் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வந்தவர்கள். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் வாயிலை ஒடுக்கிய பின்னர், 1960களிலும் 1970களிலும் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் மண்வெட்டி ஏந்தினர். தந்தையர் ஊரையும் வழியையும் விட்டு வந்தோரே இம்மண்ணின் உழவராயினர். அவர்கள் கொண்ட உரிமையை அவர்தம் பிள்ளைகளுக்கு மறுத்தல் முறையாகாது.

மேலும், தந்தையின் தொழிலைப் பேணுதல் எல்லோர்க்கும் ஒரே பொருள் தருவதன்று. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தோருட் பலர் பிறர் வயலிற் கூலிகளாகவே உழைத்தனர். நிலமற்ற ஒருவரின் பிள்ளையிடம் ‘உழவை விடாதே’ எனக் கூறுதல், ‘கூலியாகவே இரு’ என்பதற்கு ஒப்பாகும்.

ஆயின், இளைஞர் கூற்றும் முழுமையானதன்று. விருப்பம் தனிமனித உள்ளத்தில் மாத்திரம் பிறப்பதில்லை. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. அக்காலத்தில் உழவுத் தொழிலும் மதிப்புற்றது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் விலை வீழ்ந்தது. மதிப்பும் உடன் வீழ்ந்தது. போர் 2009இல் முடியும்வரை ஒரு தலைமுறைக்கு உயிர்தப்புதலே முதற் கவலையாயிற்று. மீண்டும் பயிர்செய்யத் தொடங்கியோரை 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடை தாக்கியது. அத்தீர்மானத்திற் பங்குகொள்ளாத உழவனே அதன் நட்டத்தைச் சுமந்தான். இவற்றையெல்லாம் கண்டு வளர்ந்த பிள்ளை மாதச் சம்பளத்தையோ வெளிநாட்டையோ விரும்புதல் பேராசையன்று, பாதுகாப்பைத் தேடுதலேயாகும். அவ்விருப்பத்தைப் பிள்ளையின் உள்ளத்தில் முதலில் விதைப்பவரும் பெரும்பாலும் பெற்றோரே.

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகின்றது. 2021 முதல் வவுனியாவிலும் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. எனினும், விவசாயம் கற்றவர்க்குச் சமூகம் தரும் மதிப்பை விவசாயம் செய்பவர்க்கு அது தருவதில்லை. மேடையில் உழவைப் போற்றிவிட்டு, திருமணப் பேச்சில் உத்தியோகத்தை வினவுவது நம்மவர் வழக்கம். இம்முரண்பாடே இங்குக் கண்டிக்கத்தக்கது.

எனவே, தொழிலை மாற்றுதல் குற்றமன்று. தலைமுறைக் கடன் என்பது தந்தையின் தொழிலையே தொடர்வதன்று. அத்தொழிலைச் செய்வோர் இழிவும் நட்டமும் இன்றி வாழ வழிசெய்தலாகும். உழவனின் உழைப்பினாற் கற்று அலுவலகம் சென்றவர்க்கு அக்கடன் இரட்டிப்பாகும். நீர்ப் பங்கீடு, கடன் வசதி, விலை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் இடங்களில் நாளை அமரவிருப்போர் அவர்களே. அங்கு அவர்கள் யாருடைய நலனை நினைப்பர் என்பதைக் கொண்டே அவர்தம் நன்றியை அளத்தல் வேண்டும்.