ஒரு நூல் பிசகாத கை!

விடியற்காலையில் தருமபுரி பேருந்து நிலையத்தில் நின்று பார். ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டிகளில் ஏறும் கைகளைப் பார். பைக்குள் கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு, மதியத்துக்குக் கட்டிய சோறு. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் கிளம்பி வந்த இந்தக் கைகள்தான் அங்கே மாடிமேல் மாடி எழுப்புகின்றன. அதே கையிடம் ஒரு லேசர் அளவுக் கருவியை நீட்டிப் பார். "அதெல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம்ணா, நமக்கு டேப்பே போதும்" என்று முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்!

தம்பி, பத்து மாடிச் சாரத்தில் ஏறப் பயப்படாத நீ, உள்ளங்கை அளவுப் பெட்டிக்கா பயப்படுகிறாய்?

அளவு யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்தான் எடுபடும். இதை உன் மண்ணே பார்த்திருக்கிறது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. உன் தருமபுரியும் அந்தச் சீமைக்குள்தான். அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை வயல் வயலாக அளக்க வைத்தார்கள். அந்த அளவின் மேல் வரி ஏறியது; உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வேர் பிடித்தது. மன்றோ 1820-இல் சென்னை மாகாண கவர்னரானார். கோல் பிடித்து வெயிலில் நடந்தவர்கள் பெயர் உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. பிடித்தவன் கூலி வாங்கினான். எண்ணை எழுதியவன் ஆண்டான்.

இன்று எண் உன் கைக்கே வருகிறது. கையடக்க லேசர் அளவுக் கருவியை 1993-இல் லைக்கா நிறுவனம் 'டிஸ்டோ' என்ற பெயரில் கொண்டுவந்தது. இப்போது அது தச்சர் பைக்கும் பெயிண்டர் பைக்கும் இறங்கிவிட்டது. சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் திரும்பும். திரும்பிய ஒளியைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடும். நல்ல கருவியில் பிழை சுமார் 2 மில்லிமீட்டர். உன் கணக்கில் சொல்கிறேன்: அங்குலத்துக்கு எட்டு நூல், ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் பிழை ஒரு நூலைக்கூடத் தாண்டவில்லை!

ஆனால் கேள். கருவி வாங்கியவனெல்லாம் அளக்கத் தெரிந்தவன் அல்ல.

பொத்தானை அழுத்துமுன், அளவு கருவியின் அடியிலிருந்து கணக்காகிறதா, முனையிலிருந்தா என்று திரையில் பார். முனையில் வைத்திருப்பதை மறந்து அடியைச் சுவரில் ஒட்டி அளந்தால், கருவியின் நீளமே காணாமல் போகும். 11 சென்டிமீட்டர் கருவி என்றால் நாலு அங்குலத்துக்கு மேல் அடி! அந்த அளவுக்குக் கதவு நிலை அறுத்துவிட்டு யாரைத் திட்டுவாய்?

நேராகப் பிடி. 5 மீட்டர் அறையில் ஒளிப்புள்ளி 30 சென்டிமீட்டர் விலகி விழுந்தால் 9 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். ஏறக்குறைய மூன்று நூல். தொடர்ந்து அளக்கும் முறையில் வைத்துப் புள்ளியை மெல்ல அசை; எதிர்ச்சுவருக்கு வருகிற ஆகக் குறைந்த எண்தான் உண்மை. கண்ணாடி, தண்ணீர், பாலிஷ் போட்ட கிரானைட் ஆகியவை ஒளியை ஏமாற்றும். வெள்ளை அட்டையை வைத்து அளந்துவிட்டு, அட்டையின் கனத்தையும் கணக்கில் சேர். உச்சிவெயிலில் தூரத்துப் புள்ளி மறைந்துவிடும். வெளி அளவுகளைக் காலையிலோ மாலையிலோ எடு. காய்கிற கான்கிரீட் தளத்தில் கருவியைப் போட்டு வைக்காதே.

லாம்டன் தெரியுமா? 1802-இல் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்து, இந்திய முக்கோண அளவீட்டைத் தொடங்கியவர். வெயிலில் எஃகு நீளும் என்று சங்கிலியை நிழலில் வைத்தார். வெப்பமானி பார்த்து அளவைத் திருத்தினார். தன் அளவின் மேலேயே சந்தேகப்படத் துணிந்தவர் அவர். அதனால்தான் அந்த அளவு இமயம் வரை போயிற்று. நீயும் தினமும் காலையில் தெரிந்த நீளம் ஒன்றை எஃகு டேப்பாலும் லேசராலும் அளந்து ஒப்பிடு. முக்கிய அளவை மூன்று முறை எடு. மூன்றும் ஒத்தால் நெஞ்சை நிமிர்த்து. ஒத்துப்பார்க்காமல் நிமிர்வதற்குப் பெயர் வாய்ச்சவடால்!

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 'வகுப்பு 2' லேசர். ஆற்றல் 1 மில்லிவாட்டைத் தாண்டாது. தற்செயலாகக் கண்ணில் பட்டால் கால் நொடிக்குள் இமை மூடிக் காத்துவிடும். வேண்டுமென்றே உற்றுப் பார்ப்பவனை இமை காக்காது. இதில் வீரம் காட்டாதே. ஆள் முகத்துக்கோ வண்டி ஓட்டுபவருக்கோ புள்ளியைக் காட்டாதே. பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதே. தொலைநோக்கி வழியாக ஒளியைப் பார்க்காதே. புள்ளி பளிச்சென்று தெரிய விற்கிற சிவப்புக் கண்ணாடி, கண்ணுக்குக் காப்பு அல்ல. கருவியில் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டைக் கிழிக்காதே. புள்ளியைத் தேடிக்கொண்டே பின்னால் நடந்து தளத்து விளிம்பைத் தாண்டிவிடாதே!

தங்கச்சி, சித்தாளாகவே காலம் கழிக்க வேண்டும் என்று உனக்கு யார் எழுதி வைத்தது? டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடிய காலம் போயிற்று. இந்தக் கருவிக்குத் தோள் வலிமை தேவையில்லை. நிலையான கையும் நிதானமும் போதும். இரண்டும் உன்னிடம் இருக்கின்றன. கலவைச் சட்டி சுமந்த தலைக்குள் கணக்கும் நிற்கும்!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஒகேனக்கலில் காவிரி கொட்டுவதைப் பார்த்த மாவட்டம் இது. இங்கேயே அளவு தெரியாமல் இருக்கலாமா? இன்று மாலை உன் வீட்டுச் சுவரிலிருந்தே தொடங்கு. கருவி இல்லையா? மேஸ்திரியிடம் கேட்டு வாங்கு. அள, டேப்போடு ஒப்பிடு, நோட்டில் தேதி போட்டு எழுது. முப்பது நாள் விடாமல் செய்.

முப்பத்தோராம் நாள், தளத்தில் யாராவது "இது எவ்வளவு வரும்?" என்று கேட்பார்கள். அப்போது நீ ஒதுங்கி நிற்க மாட்டாய். நூல் பிசகாமல் ஒரு எண்ணைச் சொல்வாய். அந்த எண்ணை அவர்கள் எழுதிக்கொள்வார்கள்!