அனுப்பியவரின் நிறமும் சொல்லின் உண்மையும்

மின்னஞ்சல் நிரலில் அனுப்புநருக்கு ஏற்ப நிறமிட்டுவிட்டால், மடலைத் திறக்கும் முன்பே அது யாருடையது என்று கண் அறிந்துகொள்கிறது. மேலதிகாரியின் மடல் சிவப்பு, வீட்டாருடையது பச்சை, மற்றவை கறுப்பு. இந்தச் சிறிய ஏற்பாடு இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. அனுப்பியவர் யார் என்று நிரலுக்குத் தெரியும் என்பது ஒன்று. அனுப்பியவர் யார் என்பது அவர் சொன்னதை எடைபோட உதவும் என்பது மற்றது. முதலாவது பொய்க்கும்போது நிறம் பிழைக்கிறது. அதைப் பெரும்பாலும் திருத்திவிடலாம். இரண்டாவதைப் பற்றிச் சமயங்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றன.

நிரல் ஆளை அறிவதில்லை, எழுத்துகளை ஒப்பிடுகிறது. வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கந்தோர் ஒன்றுக்கு ஒருவரே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரிட்டு எழுதக்கூடும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு மடலில் முன்னே நிற்கும், இன்னொன்றில் பின்னே போகும், மூன்றாவதில் முழுப்பெயராக விரியும். பெயரை வைத்து எழுதிய நிற விதிக்கு இவர்கள் மூவர். தமிழ் எழுத்துக்குள்ளேயே சிக்கல் இன்னும் நுட்பமானது. கௌரி என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டிவிடுவோர் பலர். திரையில் வேறுபாடு தெரியாது; கணினிக்கு அவை இரண்டு பெயர்கள். கோபால் என்பதன் முதலெழுத்தை யூனிகோடில் ஒரே ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு தரம் சொல்கிறது. ஒப்பிடும் நிரல் அவற்றைச் சமப்படுத்தாவிட்டால் நிறம் ஏறாது.

ஆகவே பெயரை விட்டு முகவரியை விதியில் இடுவதே முதல் திருத்தம். அடுத்தது விதிகளின் வரிசை: ஒரு மடலுக்கு இரண்டு விதிகள் பொருந்தினால் மேலே உள்ளது முந்தும். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலில் ஒரே மடலுக்குப் பல குறிச்சொற்கள் விழுந்தால் பட்டியலில் முதலில் நிற்பதன் நிறமே தெரியும். அங்கே புதிய வடிகட்டி ஏற்கெனவே வந்துசேர்ந்த மடல்களைத் தானாகத் தொடுவதில்லை. அதை ஒருமுறை கையால் ஓட்டவேண்டும். அவுட்லுக்கின் கிளாசிக் பதிப்பில் ஒரு கோப்புறைக் காட்சிக்கு அமைத்த நிறம் மற்றக் கோப்புறைக்குத் தானாகச் செல்லாது.

இவ்வளவும் சரியானாலும் முகவரி ஆளாகிவிடாது. ஒருவரின் அஞ்சற்பெட்டியிலிருந்து அவருடைய உதவியாளர் எழுதலாம். அதே ஆள் வீட்டிலிருந்து வேறு முகவரியில் எழுதலாம். ஜோன் போஸ்டல் 1982இல் எழுதிய மின்னஞ்சல் நெறிமுறை, அனுப்புநர் தம்மைப் பற்றிச் சொல்வதைச் சோதிக்க வழி வைக்கவில்லை. பின்னர் வந்த எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். போன்ற சோதனைகள் மடல் எந்தக் களப்பெயருக்கு உரியது என்பதற்கே சாட்சி. எழுதிய கைக்கு அல்ல. மிலிந்த பஞ்ஹ என்ற பௌத்த நூலில் நாகசேனர் தம் பெயரைச் சொன்ன உடனேயே, அது வழக்கில் உள்ள ஒரு குறி மட்டுமே, அதற்குள் ஆள் என்று ஒன்று இல்லை என்கிறார். அந்த முடிவை ஏற்காதவரும் பெயருக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள தூரத்தை மறுக்க முடியாது.

போலி மடல் பற்றிய கவலை கணினியோடு பிறந்ததன்று. தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், தங்களிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கடிதத்தைக் கண்டு கலங்கவேண்டாம் என்று எச்சரிக்கிறது. முடிவில், தம் கையால் எழுதும் வாழ்த்தே ஒவ்வொரு திருமுகத்துக்கும் அடையாளம் என்கிறது. அந்தத் திருமுகத்தையே பவுல்தான் எழுதினாரா என்று இன்றைய விவிலிய அறிஞர் சிலர் ஐயுறுகின்றனர்.

அனுப்புநரை ஆராய்வதை ஒரு முழுக் கலையாகவே வளர்த்தவர்கள் ஹதீஸ் அறிஞர்கள். நபிமொழி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகுதிகள்: யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரும், சொல்லப்பட்ட செய்தியும். ஒன்றை ஸஹீஹ், அதாவது நம்பத்தக்கது, என்று தரப்படுத்த ஐந்து நிபந்தனைகள் உண்டு. தொடர் அறுபடக்கூடாது. அறிவிப்பாளர் நேர்மையானவராக இருக்கவேண்டும். கேட்டதைப் பிசகாமல் காப்பவராகவும் இருக்கவேண்டும். இவை மூன்றும் தேறிய பிறகும், அச்செய்தி அதை அறிவித்தவரைவிட நம்பகமானோரின் அறிவிப்போடு முரண்படக்கூடாது, மறைவான குறையும் இருக்கக்கூடாது. நேர்மையையும் நினைவாற்றலையும் தனித்தனியே சோதித்தது இந்த மரபின் பெருமை. நல்லவர் பிழையாகச் சொல்லக்கூடும் என்பதை அது மறக்கவேயில்லை. மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் இப்படியொரு தொடர் உண்டு. கடந்துவந்த ஒவ்வொரு சேவையகமும் தன் வரியை மேலே ஏற்றிவைக்கும்; ஆகவே வழியைக் கீழிருந்து மேலாக வாசிக்கவேண்டும். நிறம் சொல்வதில் ஐயம் எழுந்தால் பார்க்கவேண்டிய இடம் அந்தத் தலைப்பகுதிதான்; ஆனால் அடியில் உள்ள வரிகள் போலியாகவும் இருக்கலாம்.

சைவ சித்தாந்தமும் சொல்பவரைத் தள்ளிவைப்பதில்லை. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகளை ஆராய்ந்த பிறகே பொருளுக்குள் நுழைகிறது. காட்சி, அனுமானம் ஆகியவற்றோடு நம்பத்தகுந்த உரையையும் அறிவுக்கு வழியாக ஏற்கிறது. திக்நாகர் வழிவந்த பௌத்த அளவையியலோ உரையைத் தனி அளவையாக ஏற்காமல் முதல் இரண்டோடு நின்றுகொள்கிறது. திருக்குறளில் இந்த இழுபறி அடுத்தடுத்த அதிகாரங்களிலேயே தெரிகிறது. கேள்வி அதிகாரத்தின் 415ஆம் குறள், ஒழுக்கமுள்ளவர் சொல் வழுக்கும் இடத்தில் தாங்கும் என்கிறது. அறிவுடைமையின் 423ஆம் குறள், சொன்னவர் எவரானாலும் உண்மையைத் தேடிக் காணச் சொல்கிறது. இவை முரண்படவில்லை. எதைக் கவனித்துக் கேட்பது என்று முதற்குறள் வழிகாட்டுகிறது. கேட்டதை எப்போது ஏற்பது என்று அடுத்தது சொல்கிறது. நிறம் முதல் வேலைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது.

அங்குத்தர நிகாயத்தில் கேசபுத்த ஊராருக்குப் புத்தர் கூறிய பட்டியலின் கடைசி எச்சரிக்கை, இவர் எங்கள் குரு என்ற காரணத்துக்காக மட்டும் ஏற்காதீர்கள் என்பது. ஆனால் அதே உரையில் அறிவுடையோர் ஒன்றைப் பழிக்கிறார்களா, போற்றுகிறார்களா என்பதையும் அவர் பார்க்கச் சொல்கிறார். யாருடைய சொல்லுக்கும் மதிப்பே இல்லை என்று இந்தச் சூத்திரத்தை விளக்குவோர் அந்தப் பாதியை விட்டுவிடுகின்றனர்.

சொல்லை விட்டு அணியை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பின் கொட்டாஞ்சேனை சாட்சி. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. கத்தோலிக்கரை இழிவுபடுத்தும் உருவங்கள் அதில் வருகின்றன என்ற வதந்தி முன்னரே பரவியிருந்தது. தன் பக்கத்தார் வாயிலிருந்து வந்ததே அந்த வதந்திக்கு ஆதாரமாகிவிட்டது. கலவரத்துக்குப் பின் பௌத்தர் எழுப்பிய கோரிக்கைகளின் தொடர்ச்சியாக வெசாக் அரச விடுமுறையானது. 1885 ஏப்ரல் 28இல் அதே விகாரையில் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் நிறங்கள் கொண்ட பௌத்தக் கொடி முதன்முதலாகப் பொதுவில் ஏற்றப்பட்டது. ஒரு சமூகம் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும் நிறம் அது. பிறர் சொல்வதைத் திறக்கும் முன்பே தீர்ப்பிடப் பூசும் நிறம் வேறு.

நிறம் பெறாதவர் பற்றிய கேள்வி இதைவிட வலிமையானது. கோயில் அறங்காவலர் சபைக்கோ ஆலயப் பங்குப்பணிமனைக்கோ நாள்தோறும் மடல்கள் வருகின்றன. கொடையாளர் பெயர்கள் விதியில் இருக்கும். உதவி கேட்டு முதன்முறை எழுதும் விதவையின் பெயர் இருக்காது. பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கை தந்து ஏழையை நிற்கவைப்பதை யாக்கோபு திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. அல்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம், தலைவர்களோடு உரையாடல் நடந்துகொண்டிருந்தபோது அறிவு நாடிவந்த பார்வையற்றவர் கவனிக்கப்படாமல் போனதைச் சுட்டிக்காட்டுகிறது. இதற்கு நிரலுக்குள்ளேயே ஒரு வழி உண்டு. அவுட்லுக்கின் நிபந்தனைகளில் அனுப்புநர் பெயரைத் தொடாத ஒன்று இருக்கிறது: பெறுநராகப் பெட்டிக்குரியவர் மட்டுமே குறிக்கப்பட்ட மடல்களுக்கு நிறமிடுவது. பல பேருக்குப் போகும் சுற்றறிக்கைகள் அப்போது கறுப்பாகவே நிற்கும். முன்பின் அறியாத ஒருவர் தனியாக எழுதிய மடலுக்கு நிறம் ஏறும்.